தரைத்தளத்தில் குடியிருப்பவர்கள்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

பதினேழு தடவை கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை. "போன்ல பேசினா நீதான் ஜெயிப்ப. சொல்றத எழுதி அனுப்பு, படிக்கிறேன்" என்று ஒரே ஒரு மெசேஜ். சரி, எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் எழுதியதெல்லாம் ஜன்னல் அளவுகள்தான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

ஆமாம், பொய்தான் சொன்னேன். வீடு காலியாக இருக்கிறது என்று சொல்லித்தான் பத்திரத்துக்கும் லோனுக்கும் உன்னிடம் கையெழுத்து வாங்கினேன். கீழே ஒரு குடும்பம் இருப்பது எனக்கு முன்பே தெரியும். பேங்க் ரிப்போர்ட்டில் அதை ஒரு வரி எழுதுவார்கள், அந்தக் காப்பி உன் விலாசத்துக்கும் வரும் என்பதுதான் தெரியவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஆள் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பாயா? மாட்டாய். ஆள் இருந்ததால்தான் அந்த வீடு அந்த விலைக்குக் கிடைத்தது. கண்ணாடிக் கடையில் ஆறு வருஷமாக வீடு வீடாக அளவெடுக்கப் போகிறேன். எந்தத் தெருவில் என்ன விலை என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பஸ் டெப்போவுக்குப் பின்னால், மேலும் கீழுமாக ஒரு வீடு, இந்த விலைக்கு இனி வராது. இருபத்தைந்து வயதில் சொந்தமாக ஒரு வீடு, அதிலிருந்து வாடகை, அதை வைத்து இரண்டாவது வீடு. எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள்.

நீயும் நானும் அம்மாவும் பதினோரு வருஷத்தில் ஏழு வீடு மாறினோம். ஒவ்வொரு தடவையும் ஸ்டவ்வை நீதான் தூக்கி வருவாய். இனி யாரும் நம்மைக் "கிளம்பு" என்று சொல்ல முடியாது. அதற்காகவாவது சந்தோஷப்படு.

உன் வாலு


மார்ச் 11

வாலு,

கடிதம் கிடைத்தது. பிழை ஒன்றும் பெரிதாக இல்லை. எழுத்தில் சொல்கிறேன்.

என்னை ஏமாற்றியதற்குக் கோபம் ஒரு பக்கம். அதை விடு. உன்னிடம் இன்னொன்று கேட்க வேண்டும். கீழே இருப்பவர்கள் யார்? எத்தனை பேர்? நீ இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். தெருவைப் பற்றி இருக்கிறது, விலையைப் பற்றி இருக்கிறது, இரண்டாவது வீட்டைப் பற்றிக்கூட இருக்கிறது. அவர்களைப் பற்றி "ஒரு குடும்பம்" என்று இரண்டு வார்த்தை.

ஏழு வீட்டை எண்ணி வைத்திருக்கிறாய். அந்த ஏழு வீட்டுக்காரர்களும் நம்மைப் பற்றி அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

இங்கே வார்டில் நாற்பது கட்டில், ஐம்பத்திரண்டு நோயாளிகள். என் அறையில் மூன்று நர்ஸ்கள், ஒரு ஜன்னல். நான் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பேரை உன் பத்திரத்தில் போட்டிருக்கிறேன். பணத்தைச் சொல்லவில்லை, பேரைத்தான் சொல்கிறேன். பார்த்து நடந்துகொள்.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

கேட்டாய், சொல்கிறேன். இரண்டே பேர். அவர் ஒரு மருந்துக்கடையில் கவுண்டரில் நிற்கிறார். அறுபதைத் தாண்டியிருப்பார். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. மனைவிக்கு மூன்று வருஷம் முன்பு பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. கட்டிலில்தான். பிள்ளைகள் இல்லை. அந்த வீட்டில் பத்தொன்பது வருஷமாக இருக்கிறார்கள்.

போய்ப் பேசினேன். உட்காரச் சொன்னார். "புது ஓனர் சின்னப் பையனா இருப்பாருன்னு நெனக்கல" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வீடு வேண்டும் என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "எங்கயும் கீழ்த்தளமா கெடைக்க மாட்டேங்குது தம்பி. இவள மாடி ஏத்த முடியாது. கொஞ்சம் பொறுங்க" என்றார். எவ்வளவு நாள் என்று கேட்டால் பிடி கொடுக்காமல் பேசுகிறார்.

நான் ராட்சசன் இல்லை அக்கா. ஆனால் அவர் கொடுக்கும் வாடகை பத்து வருஷத்துக்கு முந்தைய வாடகை. வட்டி இந்த வருஷத்து வட்டி. இரண்டும் எப்படி ஒத்துப்போகும்?

அதனால் மாடி வேலையை முதலில் ஆரம்பித்துவிட்டேன். மேலே இருப்பது தகரக் கூரை. அதை எடுத்துவிட்டுக் கான்கிரீட் போட்டு, இரண்டு அறையாகத் தடுக்கப் போகிறேன். கொத்தனார் நல்ல மனுஷன், கொஞ்சம் வாய் அதிகம். "கூரையைப் பிரிச்சுட்டு மழைய விட்டீங்கன்னா கீழ இருக்கறவங்க குளிக்க பாத்ரூம் போக வேண்டியதில்ல" என்கிறார். தார்ப்பாய் போட்டு மூடிவிடுவேன். மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது.

சாப்பிட்டாயா என்று ஒரு வரி கேட்டிருக்கலாம்.

வாலு


ஏப்ரல் 9

வாலு,

சாப்பிட்டாயா?

படுக்கையில் இருப்பவர்களை இடம் மாற்றுவது நாற்காலியை இடம் மாற்றுவது மாதிரி இல்லை. அந்த அம்மாவை யார் திருப்பிப் படுக்கவைக்கிறார்கள், எத்தனை மணிக்கு ஒரு தடவை, முதுகில் புண் இருக்கிறதா என்று கேட்டாயா? நீ ஜன்னலை அளந்திருப்பாய்.

கீழ்த்தளமாக ஒரு இடம் கிடைக்கும்வரை அவர்களை விட்டுவை. மாதாமாதம் என் பங்காகக் கொஞ்சம் அனுப்புகிறேன். இதை நான் கெஞ்சியதாக எடுத்துக்கொண்டாலும் சரி.

தார்ப்பாயை முதலில் வாங்கு.

அக்கா


மே 27

அன்புள்ள அக்காவுக்கு,

நல்ல செய்தி. கீழ் வீடு காலியாகிவிட்டது. அவர்களாகவே கிளம்பினார்கள். மனைவியின் தம்பி வீட்டில் இடம் கொடுத்தார்களாம். நானே வண்டி பிடித்துக் கொடுத்தேன், கட்டிலை ஏற்றக் கைகொடுத்தேன். போகும்போது அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுத்தான் போனார். எந்த மனக்கசப்பும் இல்லை.

இனி நீ பணம் அனுப்ப வேண்டாம். சுவருக்கு வெள்ளை அடித்ததும் போர்டு மாட்டிவிடுவேன். ஒரு கம்ப்யூட்டர் சென்டர்காரர் வந்து பார்த்துவிட்டுப் போனார். பழைய வாடகையைப்போல் மூன்று மடங்கு சொன்னேன், மூச்சு விடவில்லை மனுஷன்.

மாடியில் நின்று பார்த்தால் டெப்போவில் பஸ்கள் வரிசையாக நிற்பது தெரிகிறது. நம் வீடு அக்கா. ஒரு தடவை வந்து பார்.

வாலு


ஜூன் 15

தம்பிக்கு,

வந்து பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு ரயிலில் வந்தேன். உன்னிடம் வரவில்லை. நேராக வீட்டுக்குப் போனேன். கதவு திறந்து கிடந்தது, வெள்ளையடிப்பவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். சுவரில் என் தோள் உயரத்துக்குத் தண்ணீர் இறங்கிய கறை. கட்டில் கிடந்த இடம் நன்றாகத் தெரிந்தது. அந்த நாலு கால்தடத்துக்கு மேலேதான் கூரையில் பெரிய கறை. பிறகு இன்னொரு மூலையில் நாலு கால்தடம். பிறகு சமையலறை வாசலில். மூன்று இடத்துக்குக் கட்டிலை இழுத்திருக்கிறார் அந்த மனுஷர்.

பக்கத்து வீட்டில் துணி தைக்கும் அம்மாதான் அவருடைய மச்சான் வீட்டு விலாசம் கொடுத்தார். அந்த வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது.

அவர் மனைவி ஜூன் எட்டாம் தேதி இறந்துவிட்டார். நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் வந்து, நாலே நாள். ஈரத்தில் ஒன்பது நாள் படுக்கவைத்து, பிறகு நாலு பேர் பெட்ஷீட்டில் மூன்று மாடி தூக்கினால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதுதான் நடந்தது என்று எந்த டாக்டரும் எழுதித்தர மாட்டார். அந்த மட்டில் நீ தப்பித்தாய்.

அவர் என்னை உட்காரச் சொன்னார். மச்சான் மனைவியிடம் டீ கேட்டார், அவள் முகம் கொடுக்காமல் கொண்டுவந்து வைத்தாள். டீயைக் குடித்து முடித்த பிறகுதான் நான் யார் என்று சொன்னேன். அவர், "தெரியும்மா. நோட்டீஸ்ல உங்க பேரும் இருந்துச்சே" என்றார்.

என்ன நோட்டீஸ்? நீ எனக்கு எழுதவே இல்லையே. முப்பது நாளில் காலி செய்யச் சொல்லி, என் பேரையும் போட்டு அனுப்பியிருக்கிறாய். அதை அவர் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். மனைவிக்கு வாசித்துக் காட்டினாராம். "யாரோ பொம்பளப் புள்ள பேரும் இருக்கு, அவங்ககிட்ட எழுதிக் கேட்டா மனசு எறங்குவாங்கன்னு சொன்னா. வெலாசம்தான் தெரியல" என்றார்.

கை குலுக்கிவிட்டுப் போனார் என்று எழுதினாயே. அதுவாவது உண்மையா?

நான் இனி எழுதுவேனா என்று தெரியவில்லை.


ஜூன் 20

அக்கா,

உண்மை. கையைக் குலுக்கினார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

இறந்த செய்தி எனக்கு உன் கடிதத்தில்தான் தெரிந்தது. கடையில் வைத்துத்தான் பிரித்தேன். கையில் இருந்த கண்ணாடி நழுவி உடைந்தது. முதலாளி கத்தினார். அவர் கத்தியது எனக்கு நல்லதாகப் போயிற்று.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ கேட்கவில்லை, இருந்தாலும் கேட்டுக்கொண்டே இருப்பாய் என்று தெரியும். தார்ப்பாய் வாங்கினேன். நீ சொன்ன அதே வாரம் வாங்கினேன். மழை வந்த அன்று அது மாடிப்படிக்குக் கீழே மடித்தபடி இருந்தது. கொத்தனார் போன் செய்தார்: "மேகம் திரண்டு நிக்குது, போட்டு மூடிடட்டுமா?" நான் சொன்னேன்: "இருக்கட்டும், நாளைக்குப் பாக்கலாம்."

அவ்வளவுதான். ஒரு வரி. அந்த அம்மா சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கொஞ்சம் நனையட்டும், சீக்கிரம் இடம் பார்ப்பார்கள் என்றுதான் நினைத்தேன். ஒன்பது நாள் மழை பெய்யும் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் இரண்டாவது நாள் தெரியுமே. மூன்றாவது நாள் தெரியுமே. ஒன்பது நாளும் நான் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை.

கொத்தனார் அதற்குப் பிறகு என்னிடம் வேலைக்கு வரவில்லை. மீதிக் கூலியையும் கேட்கவில்லை. கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசலில் நின்றே வாங்கிக்கொண்டார்.

எழுதாவிட்டால் பரவாயில்லை. படி.

வாலு


செப்டம்பர் 3

அக்கா,

உன் ஜூன் கடிதத்துக்குப் பிறகு இது உனக்கு நான் எழுதும் நாலாவது கடிதம். மூன்றுக்குப் பதில் இல்லை. இதற்கும் வேண்டாம். ஆனால் இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

கீழ்த்தளத்தைக் கம்ப்யூட்டர் சென்டர்காரர் எடுத்துக்கொண்டார். மாடியில் முன் அறையில் கூரியர் கம்பெனிப் பையன்கள் இரண்டு பேர். பின் அறை மட்டும் காலி. போர்டு மாட்டியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தபோது படியில் யாரோ மெதுவாக ஏறி வந்தார்கள். நிமிர்ந்தால் அவர்.

"பின் ரூம் இன்னும் போகலியா தம்பி?"

ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"மச்சான் வீட்ல எவ்வளவு நாள் இருக்கறது? கடைக்கு இங்கேர்ந்து நடந்தே போயிடலாம். இப்ப நான் ஒருத்தன்தானே, மாடி ஏறலாம்" என்றார்.

சார், சும்மாவே தங்கிக்கொள்ளுங்கள், வாடகை எதுவும் வேண்டாம் என்றேன். வேறு என்னவெல்லாமோ சொன்னேன். மன்னிப்பு என்ற வார்த்தை வந்ததா என்று நினைவில்லை. அவர் போர்டைத் திருப்பி வாடகையைப் பார்த்தார். இரண்டு பேனாவில் ஒன்றை எடுத்தார். "எழுதிக் குடுங்க. ரசீதும் வேணும். ஓசியில இருந்தா நீங்க நெனச்ச நேரம் போகச் சொல்லலாம். வாடகை குடுத்தா நோட்டீஸாவது குடுக்கணுமில்ல" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை அக்கா. மருந்துச் சீட்டை வாசிப்பது மாதிரி சொன்னார்.

வந்துவிட்டார். ஒரு பெட்டி, ஒரு பாய், ஒரு ஸ்டவ். கட்டில் கொண்டுவரவில்லை.

ஒன்றாம் தேதி வாடகை கொடுத்தார். வாங்கினேன். ரசீது எழுதிக் கொடுத்தேன்.

வாலு


அக்டோபர் 6

தம்பிக்கு,

உன் கடிதங்களையெல்லாம் படித்தேன். பதில் எழுதும் தைரியம் இல்லாமல் இருந்தேன். இப்போது எழுதுவதற்கும் நல்ல காரணம் இல்லை.

எனக்குக் கல்யாணம் முடிவாகியிருக்கிறது. அவர் இங்கே லேபில் டெக்னீஷியன். அமைதியான மனுஷர், உனக்குப் பிடிக்கும். இரண்டு பேருமாக ஒரு சின்ன ஃபிளாட் பார்த்தோம். ஒரு அறை, ஒரு ஹால், காற்று வருகிறது. பேங்கில் என் பேரைத் தட்டியதும், "ஏற்கனவே ஒரு வீட்டு லோன் ஓடுதே மேடம்" என்றார்கள். அது முடிந்தால்தான் இது.

வீட்டை விற்றுவிடலாம். கம்ப்யூட்டர் சென்டர்காரர் முழுசாக வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்டதாக ஒரு கடிதத்தில் எழுதியிருந்தாயே. அவருக்கே கொடு. அந்த வீடு நம் இரண்டு பேரிடமும் இருக்க வேண்டாம்.

அக்கா


அக்டோபர் 14

அக்கா,

கல்யாணச் செய்தி கேட்டு முதலில் சந்தோஷப்பட்டேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

ஆனால் விற்க முடியாது. சென்டர்காரருக்கு மாடியும் வேண்டும், மேலே வகுப்பு நடத்தப்போகிறார். எல்லாரையும் காலி செய்து கொடுத்தால்தான் வாங்குவாராம். கூரியர் பையன்கள் நாளைக்கே போவார்கள். அவர்?

நீதானே என்னிடம் கேட்டாய், கீழே இருப்பவர்கள் யார் என்று. இப்போது நான் கேட்கிறேன். நீ எழுதிய கடிதத்தில் ஃபிளாட்டுக்குக் காற்று வருவதுகூட இருக்கிறது. அவர் இல்லை.

கோபத்தில் எழுதவில்லை.

வாலு


அக்டோபர் 29

வாலு,

உன் கடிதத்தை இரண்டு வாரம் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

நீ கேட்டது சரி. உன் வீடு, உன் தப்பு என்று இருந்தவரை எனக்கு நியாயம் பேசுவது சுலபமாக இருந்தது. பத்திரத்தில் என் பேர் இருக்கிறது என்று திரும்பத் திரும்ப எழுதினேன், நோட்டீஸில் அந்தப் பேரைப் பார்த்ததும் உன்மேல் பாய்ந்தேன். ஆனால் அந்த மூன்று மாடியும் ஏறி இறங்கிவிட்டு வந்து, நாலே மாதத்தில், அவரைக் கணக்கிலேயே எடுக்காமல் நானும் எழுதிவிட்டேன்.

எனக்கு முப்பத்திரண்டு வயது ஆகிறது. பள்ளிக்கூடம் முடித்ததிலிருந்து தனியாக ஒரு கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியதில்லை. அந்த ஃபிளாட் எனக்கு வேண்டும். வேண்டாம் என்று எழுதிப் பார்த்தேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

விற்பதற்கான பேப்பரில் கையெழுத்துப் போட்டு இதோடு அனுப்புகிறேன். நீ போடாவிட்டால் நான் கேட்க மாட்டேன். போட்டால், அவரிடம் நீயே நேரில் போய்ச் சொல். என் பேரில் ஒரு நோட்டீஸ் போகக் கூடாது. இதைக் கோழைத்தனம் என்று சொன்னாலும் தப்பில்லை.

அக்கா


டிசம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரம் நேற்று முடிந்தது. லோன் அடைத்த காகிதம் தனியாக வரும். உன் பேர் இனி எதிலும் இல்லை.

கையெழுத்துப் போட எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. வட்டிக்குப் பயந்து போட்டேன், உனக்காகப் போட்டேன், இரண்டும்தான். எது முதலில் என்று கேட்காதே.

அவரிடம் நேரில்தான் சொன்னேன். அறுபது நாள் தருகிறேன் சார் என்றேன். ஸ்டவ்வைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தாமல், "போன தடவ முப்பதுதான் குடுத்தீங்க" என்றார்.

அறுபது நாளும் தேவைப்படவில்லை, அவருக்கு நானே இடம் தேடினேன். எனக்குத் தெரிந்த ஒரே தொழில் அதுதானே. அளவெடுக்கப் போன வீடுகள், புரோக்கர்கள், எல்லாரையும் கேட்டேன். லீவு நாளில் அவரையும் கூட்டிக்கொண்டு போவேன். வாசலில் அவரைப் பார்த்ததும் ஒரே கேள்விதான். "தனியாவா? ஒடம்புக்கு ஏதாவதுன்னா யாரு பாப்பா?" பதினோரு வீடு. ஒருவன் என் வயதுதான் இருப்பான், முதல் வீடு வாங்கியிருக்கிறானாம், சுவருக்குப் புதுப் பெயின்ட் வாசம்கூடப் போகவில்லை. "வயசானவங்களுக்குக் குடுத்தா அப்பறம் எழுப்ப முடியாது பாஸ், உங்களுக்கே தெரியும்" என்று என்னை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னான். தெரியும் என்றேன்.

பன்னிரண்டாவது வீட்டில் ஒரு ரிடையர் ஆன டீச்சரம்மா. கீழ்த்தளம். ஒரு அறைதான், ஆனால் வெளிச்சம் வருகிறது. அந்தம்மாவும் அதையே கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "இவரு உங்களுக்கு யாரு?" நான், "அப்பா" என்றேன். டீச்சரம்மா முகம் உடனே மலர்ந்துவிட்டது. அட்வான்ஸ்கூடக் குறைத்துக்கொண்டார்.

தெருவுக்கு வந்ததும் அவர் நின்றுவிட்டார். வெயில். நான் குடையைப் பிடித்தேன், தள்ளிவிட்டார்.

"அந்தப் பொய் வேணாம் தம்பி. எங்களுக்குப் பொறக்கல. பொறந்திருந்தா மேகம் தெரண்டப்ப இருக்கட்டும், நாளைக்குப் பாக்கலாம்னு விட்டிருக்க மாட்டான்."

கொத்தனார் அவரிடம் எப்போதோ சொல்லியிருக்கிறார் அக்கா. அதைத் தெரிந்துகொண்டுதான் படியேறி வந்து வாடகைக்குக் கேட்டிருக்கிறார். இத்தனை மாதமும் தெரிந்துதான் ரசீது வாங்கியிருக்கிறார். நான் நடுத்தெருவில் அழுதேன். நான் அழுது முடிக்கும்வரை அவர் நின்றார். தேற்றவில்லை. விட்டுவிட்டும் போகவில்லை.

பிறகு திரும்பி நடந்து போய் டீச்சரம்மா கதவைத் தட்டினார். "இவரு என் மகன் இல்லம்மா" என்றார். அவ்வளவுதான், இந்த இடமும் போயிற்று என்று நினைத்தேன். டீச்சரம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப ஒடம்புக்கு ஏதாவதுன்னா?" என்று மறுபடி கேட்டார். "நான் வருவேன்" என்றேன். அவர் மறுக்கவில்லை.

ஒப்பந்தத்தில் பொறுப்பேற்பவர் என்று என் பேரை எழுதினார்கள். பக்கத்தில் உறவுமுறைக்கு ஒரு கட்டம். டீச்சரம்மா பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவர் சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்து, தாளைத் தன் பக்கம் இழுத்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, நிதானமாக எழுதினார்: "முன்பு இருந்த வீட்டின் சொந்தக்காரர்."

அதன் கீழே தேதி போட்டு என்னிடம் நீட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

வாலு